பாய்ஸ் கம்பெனியின் உலை

மதுரையில் 1918இல் தொடங்கிய, சிறுவர்களே நடித்த பாய்ஸ் நாடகக் கம்பெனியான தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சேர்ந்தபோது தி. க. சண்முகத்துக்கு வயது ஆறு. ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்கு எம்.ஜி.ஆர். வந்ததும் சிறுவனாகத்தான், வறுமை கொண்டுவந்து விட்டது. பிள்ளைக்குச் சோறு, பாட்டு, வசனம். வீட்டுக்குச் சிறு தொகை. ஏற்பாடு பெரும்பாலும் இவ்வளவே.

கம்பெனிகள் ஊர் ஊராகப் போயின என்றாலும் நாளுக்கோர் ஊர் இல்லை. வசூல் இருக்கும்வரை ஓரிடத்தில் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ முகாம். அதே ஜனங்கள் மறுபடி கொட்டகைக்கு வர வேண்டுமென்றால் கோவலன், வள்ளி திருமணம், பவளக்கொடி என நாடகம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். பிள்ளைகளின் மனப்பாடச் சுமை இதனால் ஏறியது. தரை டிக்கெட் குறையத் தொடங்கினால் சீன், படுதா, உடுப்புப் பெட்டி, ஆர்மோனியம், சமையல் பாத்திரம் எல்லாம் ரயில் ஏறும். மழையில் நாடகம் நிற்கும். கம்பெனி வீட்டில் உலை நிற்காது. முதலாளிகள் கடனில் விழுந்தது பெரும்பாலும் இப்படித்தான்.

ஒலிபெருக்கி இல்லாத காலம். கடைசி வரிசை வரை எட்ட உச்ச சுருதியில் பாட வேண்டும். பெண்வேடமும் பையன்களுக்கே, சிவாஜி கணேசன் சிறுவயதில் சீதையாக நடித்தவர். ஸ்திரீபார்ட்டில் பேரெடுத்த பையனுக்கு மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் அதுவரை இருந்த மவுசு போய்விடும். சிலர் நாயக வேடமான ராஜபார்ட்டுக்கோ காமிக்குக்கோ மாறிப் பிழைத்தார்கள். மற்றவர்களின் பெயர்கூட மிஞ்சவில்லை. இக்கம்பெனிகளைக் குருகுலம் என்று புகழும் வரலாறுகள் பேசுவது பிழைத்தவர்களை வைத்துத்தான். பயிற்சி கடுமையானது, தேர்ந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் அடியும், பள்ளிக்கூடம் போகாத பிள்ளைப்பருவமும், சம்பளமாகக் கருதப்பட்ட சாப்பாடும் அதே வரலாற்றின் பக்கங்கள். சிறுவர் உழைப்பு என்று எழுத ஏன் இத்தனை தயக்கம்?

சுவாமிகள் 1922இல் புதுச்சேரியில் காலமானார். 1925இல் சண்முகமும் உடன்பிறந்தோருமான டி.கே.எஸ். சகோதரர்கள் மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபையைத் தொடங்கினார்கள். சோற்றுக்கு நடித்த பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளுக்குச் சோறு போடும் பொறுப்பேற்றார்கள். அவர்கள் மேடையேற்றிய மேனகா நாடகம் 1935இல் படமானது. அதற்குள் பேசும்படம் கொட்டகைகளைப் பிடிக்கத் தொடங்கியிருந்தது. கொட்டகைக்காரருக்கு இதில் லாபம் வெளிப்படை: படப்பெட்டி தனியாக வரும், பின்னால் ஒரு குடும்பமே சாப்பிட வராது. நடிகர்களும் ஒவ்வொருவராகச் சினிமாவுக்குப் போனார்கள். கால் நூற்றாண்டு ஊர் சுற்றிய சண்முகானந்த சபை 1950இல் கலைந்தது.