கோப்புக்குள் இருந்த எதிர்க்குரல்

வீட்டுக் கடனுக்காக வங்கிக்கு லீகல் ஒப்பீனியன் எழுதுகிறோம். மூலப்பத்திரம் இருக்கிறது, வில்லங்கச் சான்று சரியாக இருக்கிறது. ஆனால் வாரிசுகளில் ஒருவர் கையெழுத்துப் போடவில்லை. அவரிடம் விடுதலைப் பத்திரம் வாங்கிக்கொள்வதே பாதுகாப்பு என்று எழுதுகிறோம். அந்தப் பத்தியை எடுத்துவிட்டு, ‘உரிமையில் குறையில்லை’ என்ற கடைசி வரி மட்டும் கடன் வழங்கும் அதிகாரியின் மேசைக்குப் போனால் அது எத்தகைய செயல் என்று நம் தொழிலில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

2003 மார்ச் மாதம், இராக் போருக்கு முன், பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மேசைக்கு ஏறக்குறைய அப்படி ஒரு தாள்தான் வந்தது.

மார்ச் 18 அன்று மக்களவையில் நடந்த விவாதத்தைப் பலரும் பெருமையோடு நினைவுகூர்கிறார்கள். அந்தப் பெருமைக்குக் காரணம் உண்டு. பிரிட்டனில் போர் தொடுப்பது அரசரின் தனியுரிமை அதிகாரம். அதைப் பிரதமர் பயன்படுத்துகிறார், வாக்கெடுப்பு சட்டப்படி தேவையில்லை. இருந்தும் பிரதமர் டோனி பிளேர் அவையின் முன் வந்தார். முந்தைய நாள் அமைச்சர் பதவியைத் துறந்த ராபின் குக், அன்றே பின்வரிசையிலிருந்து எழுந்து பேசியபோது அவை மரபை மீறிக் கைதட்டியது. போருக்கான காரணம் இன்னும் நிறுவப்படவில்லை என்ற திருத்தத்துக்கு ஆதரவாக 217 பேர் வாக்களித்தார்கள். அவர்களில் 139 பேர் ஆளும் தொழிற்கட்சியினர். திருத்தம் தோற்றது. மூலத் தீர்மானம் 412க்கு 149 என்று நிறைவேறியது.

சட்டக் கேள்வியில் அந்த உறுப்பினர்களுக்கு அரசு என்ன காட்டியது என்பதே நம் கவலை. அட்டர்னி ஜெனரல் கோல்ட்ஸ்மித் பிரபு மார்ச் 17 அன்று கொடுத்த எழுத்துமூலப் பதில் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். அதன் வாதம் மூன்று கண்ணிகள் கொண்டது. 1990இல் வந்த ஐ.நா. பாதுகாப்பு அவையின் 678ஆம் தீர்மானம், குவைத்தை மீட்கப் படைபலத்தை அனுமதித்தது. 1991இன் 687ஆம் தீர்மானம், ஆயுதங்களைக் கைவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு அந்த அனுமதியை நிறுத்திவைத்தது. 2002 நவம்பரின் 1441ஆம் தீர்மானம், இராக் நிபந்தனையை மீறியது என்று சொல்லிக் கடைசி வாய்ப்பு அளித்தது. அந்த வாய்ப்பையும் இராக் தவறவிட்டதால் பழைய அனுமதி உயிர்பெறுகிறது. ஆகவே போர் சட்டப்படியானது. படிப்பவருக்கு ஒரு சலனமும் வராத நடை.

பத்து நாள் முன்பு, மார்ச் 7 அன்று, அதே மனிதர் பிரதமருக்கு எழுதிய கருத்துரை 13 பக்கம். அதில் சலனம் உண்டு. புதிதாக ஒரு தீர்மானம் பெறுவதே சட்டப்படி மிகப் பாதுகாப்பான வழி என்றார். அது இல்லாமலும் நியாயமாக வாதிடலாம், ஆனால் நீதிமன்றம் அதை ஏற்கும் என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார். இராக் ஒத்துழைக்கவில்லை என்பதற்கு வலுவான சான்று வேண்டும் என்றும் எச்சரித்தார். நேர்மையான சட்டக் கருத்துக்கு இருக்க வேண்டிய எல்லாம் அதில் இருந்தன. அமைச்சரவைக்கே அது காட்டப்படவில்லை. நாடாளுமன்றத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இடைப்பட்ட நாள்களில் நடந்ததை நம் இளம் வழக்கறிஞர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். முப்படைத் தலைவர் அட்மிரல் பாய்ஸ், சட்டப்படியானதா இல்லையா என்று நேரடியான பதில் கேட்டார். வீரர்களை அனுப்புகிறவர் அப்படிக் கேட்பதில் தவறில்லை. மார்ச் 13 வாக்கில் கோல்ட்ஸ்மித், போர் சட்டப்படியானது என்பதே மேலான பார்வை என்ற முடிவுக்கு வந்தார். கருத்தை மாற்றிக்கொள்வதும் வழக்கறிஞரின் உரிமைதான். ஆனால் இராக் மீண்டும் மீறியது என்ற உண்மைக்குச் சான்று? மார்ச் 14 அன்று அவர் அலுவலகம் பிரதமர் அலுவலகத்திடம் உறுதி கேட்டது. அதுவே பிரதமரின் ஐயமற்ற கருத்து என்று மறுநாள் பதில் வந்தது. அவ்வளவுதான். வழக்கின் ஆதாரமான உண்மையைக் கட்சிக்காரரின் சொந்த வாய்மொழியை வைத்தே நிரூபித்துக்கொள்ளும் மனுவை நம் முன்சீப் நீதிமன்றங்களே ஏற்காது.

இப்போது வெளியே பாருங்கள். பிப்ரவரி 15 அன்று லண்டன் தெருக்களில் காவல்துறைக் கணக்குப்படியே ஏழரை லட்சம் பேர் திரண்டார்கள். மார்ச் 7 அன்று, பன்னாட்டுச் சட்ட அறிஞர்கள் 16 பேர் கையெழுத்திட்ட கடிதம் ‘கார்டியன்’ நாளிதழில் வந்தது. புதிய தீர்மானம் இல்லாத போர் சட்டத்துக்கு எதிரானது என்பது அதன் சாரம். அந்த ரகசியக் கருத்துரையின் தேதியும் அதே மார்ச் 7. வெளியே அறிஞர்கள் எழுப்பிய ஐயத்தின் பெரும்பகுதி உள்ளே அரசின் முதன்மை வழக்கறிஞரின் தாளிலும் இருந்தது. வெளியே எழுந்ததை அரசியல் எதிர்ப்பு என்று ஒதுக்க முடிந்தது, உள்ளே இருந்தது யாருக்கும் தெரியாததால்.

வெளியுறவுத் துறையின் சட்ட ஆலோசகர்களும் எதிர்த்தார்கள். தலைமை ஆலோசகர் மைக்கேல் வுட் ஜனவரியிலேயே எழுதினார். அமைச்சர் ஜாக் ஸ்ட்ரா ஏற்கவில்லை. துணை ஆலோசகர் எலிசபெத் வில்ம்ஸ்ஹர்ஸ்ட் பதவி விலகினார். அவருடைய விலகல் கடிதம் 2005இல் வெளியிடப்பட்டபோது ஒரு பகுதி மறைக்கப்பட்டிருந்தது. அட்டர்னி ஜெனரலும் முன்பு தங்கள் கருத்தையே கொண்டிருந்தார், பிறகு மாறினார் என்று சொன்ன வரிகள் அவை. தொலைக்காட்சி வழியாக அவை வெளிவந்தன. 13 பக்கக் கருத்துரையும் ஏப்ரல் மாதம் வெளியானது. போர் தொடங்கி இரண்டாண்டு கழிந்திருந்தது. இராக்கில் இறந்த பிரிட்டிஷ் படையினர் மொத்தம் 179 பேர். இறந்த இராக்கியர்களின் எண்ணிக்கை லட்சத்துக்கு மேல்.

இராக் போர் குறித்து 2016இல் வந்த சில்காட் விசாரணை அறிக்கை, போர் சட்டப்படியானதா என்று தீர்ப்புச் சொல்லவில்லை. சட்ட அடிப்படை உண்டு என்று முடிவெடுத்த சூழல் திருப்திகரமாக இல்லவே இல்லை என்றது. அமைச்சரவைக்குச் சட்ட ஐயங்கள் தெரிவிக்கப்பட்டிருக்க வேண்டும் என்றது.

வழக்கறிஞர் - கட்சிக்காரர் ரகசியம் என்னாவது என்று நண்பர்கள் கேட்பார்கள். அந்த ரகசியத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். அது இல்லாவிட்டால் எந்த அரசும் கசப்பான ஆலோசனையை எழுத்தில் கேட்காது. ஆனால் இங்கே கட்சிக்காரரே தன் வழக்கறிஞரின் முடிவை அவையில் நீட்டி வாக்குக் கேட்டார். சாதகமான பாதியைச் சான்றாக்கிவிட்டு மறுபாதிக்கு மட்டும் ரகசியம் கோருவதை நாம் எதிர்த்தரப்பிடம் ஒருநாளும் அனுமதிப்பதில்லை. கோல்ட்ஸ்மித் மேலவை உறுப்பினர் என்பதால், வாக்களிக்கவிருந்த மக்களவை உறுப்பினர்கள் அவரைத் தங்கள் அவையில் குறுக்குக் கேள்வி கேட்கவும் வழியில்லை.

அவையால் முடியாது என்றும் இல்லை. 2018 டிசம்பர் 4 அன்று, ஐரோப்பிய ஒன்றிய விலகல் ஒப்பந்தம் பற்றிய சட்டக் கருத்தை முழுமையாகத் தர மறுத்த அரசு அவையை அவமதித்தது என்று அதே மக்களவை 311க்கு 293 வாக்குகளில் தீர்மானித்தது. மறுநாள் முழுக் கருத்துரையும் வெளியானது. ஆனால் அதே ஆண்டு ஏப்ரலில் அவை விடுமுறையில் இருந்தபோது சிரியா மீது குண்டு வீசப்பட்டது. அதற்குச் சட்ட நிலைப்பாட்டின் சுருக்கம் மட்டுமே வந்தது.

நம் அரசமைப்புச் சட்டத்திலும் போருக்கு நாடாளுமன்றத்தின் முன்னனுமதி கேட்கும் பிரிவு இல்லை. ஆனால் 88ஆம் பிரிவு அட்டர்னி ஜெனரலுக்கு இரு அவைகளிலும் பேசும் உரிமை தருகிறது; 2003இல் பிரிட்டிஷ் மக்களவைக்குக் கிடைக்காத வாய்ப்பு அது. படையை அயல்மண்ணுக்கு அனுப்பும் எந்த விவாதத்திலும் அவரை அழைக்கும்படி உறுப்பினர்கள் கோர வேண்டும்; அதைக் கோரும்படி வழக்கறிஞர் சங்கங்கள் உறுப்பினர்களிடம் சொல்ல வேண்டும். அரசுக்குக் கருத்துரை எழுதும் நம் சக வழக்கறிஞர்களிடம் கேட்பது இன்னும் எளியது. உங்கள் ஐயத்தைப் பத்தாம் பக்கத்தில் வைக்காதீர்கள், முடிவு வரியிலேயே சேர்த்து எழுதுங்கள். உங்கள் கருத்தின் சுருக்கம் அவைக்குப் போகிறது என்றால் அதை நீங்களே எழுதுங்கள். வேறொருவர் எழுதியதில் கையெழுத்துப் போடாதீர்கள்.