வேதாளருக்குப் பட்டா கேட்கும் அன்பர்களுக்கு

காமிக்ஸ் பக்கமே வராத மக்கள் மன்னிச்சுக்கோங்க. இன்னைக்கு வேதாளர் புராணம்தான். ரொம்ப நாளா உள்ள கிடந்து அரிச்சுக்கிட்டிருக்கு, எழுதித் தீர்த்துடறேன்.

ஒரு ஹீரோவோட உரிமம் ரெண்டு பதிப்பகத்துக்கிட்ட இருந்தா நம்ம ரசிகர்களுக்கு ஏன் இப்படிப் பத்திக்கிட்டு வருது? 1990-ல் இந்திரஜால் காமிக்ஸ் நின்னு போச்சு. 2005-ல் ராணி காமிக்ஸும் 500 இதழோட கடையைச் சாத்திடுச்சு. அதுக்கப்புறம் பழைய புத்தகக் கடையில புழுதி தின்னு வேதாளரைத் தேடின கூட்டம் நாம. 2020-களில் நிலைமை மாறிச்சு. ரீகல் பப்ளிஷர்ஸும் போட்டாங்க, சக்தி காமிக்ஸும் போட்டாங்க. தமிழில் முத்து காமிக்ஸ் தன்னோட 50-வது ஆண்டான 2022-ல் 'ஸ்மாஷிங் 70ஸ்' வரிசையில் வேதாளர், மாண்ட்ரேக், ரிப் கிர்பி, காரிகன்னு ஒரு பட்டாளத்தையே இறக்கிச்சு.

பட்டினி கிடந்தவனுக்கு மூணு வீட்டில் விருந்து. நம்மாளு என்ன கேட்கிறான்? "அவன் வீட்ல எதுக்கு அடுப்பு எரியுது?"

ரெண்டு குற்றச்சாட்டு அடிக்கடி காதில் விழும். ஒண்ணு, "எங்க பதிப்பகம்தான் முதல்ல கொண்டு வந்தது, மத்தவங்க நோகாம நொங்கு தின்ன வர்றாங்க." இன்னொண்ணு, "ஒரே ஹீரோவை ரெண்டு பேர் போட்டா மதிப்பு போயிடும்." முதலாவது ரசிகர் மன்ற மனோபாவம். கட் அவுட்டுக்குப் பால் ஊத்துறதுக்குப் பதிலா பதிப்பகத்துக்கு ஊத்துறோம், அவ்வளவுதான் வித்தியாசம். ரெண்டாவதுதான் எனக்கு நிஜமாவே புரியலை. வேதாளர் என்ன கார்ப்பரேஷன் தண்ணியா, பக்கத்து வீட்ல மோட்டார் போட்டா நம்ம குழாய்ல குறையறதுக்கு?

மென்பொருள் துறையில் குப்பை கொட்டுறதால லைசென்ஸ் சமாச்சாரம் கொஞ்சம் பழக்கம். வேதாளரோட உரிமையாளர் அமெரிக்காவின் கிங் ஃபீச்சர்ஸ். இந்த மாதிரி ஒப்பந்தங்களில் பொதுவா எந்த மொழி, எந்த நாடு, எந்த வடிவம், எத்தனை வருஷம்னு துண்டு துண்டா வெட்டித்தான் விப்பாங்க. "வேற யாருக்கும் தரக்கூடாது"ன்னு கேட்கலாம், தப்பே இல்லை. ஆனா அதுக்கு விலை அதிகம். வித்தாலும் விக்காட்டியும் கட்டவேண்டிய முன்பணமும் ஏறும். நம்ம ஊர்ல காமிக்ஸ் அச்சாகிற எண்ணிக்கைக்கு அந்தக் காசை யார் தலையில் கட்டுவாங்க? உங்க தலையில், என் தலையில். ஏகபோகம் வேணும்னு சண்டை போடுறவர், புத்தக விலையை ஏத்துங்கன்னுதான் மறைமுகமா மனு கொடுக்கிறார்.

சரி, வரலாறாவது இவங்க பக்கம் இருக்கா? அதுவும் இல்லை. லீ ஃபாக் 1936 பிப்ரவரி 17-ல் தொடங்கின தொடர் இது. ஆஸ்திரேலியாவில் ஃப்ரூ 1948-ல் இருந்து போடுறாங்க. ஸ்வீடனில் 1950-ல் இருந்து 'ஃபாண்டோமன்'. ஸ்வீடன்காரங்க உருவாக்கின கதைகளை ஃப்ரூ வாங்கி ஆங்கிலத்தில் போட்டு பல வருஷம் ஓட்டின வண்டி அது. அமெரிக்காவில் கோல்ட் கீ, சார்ல்டன், டிசி, மார்வெல், மூன்ஸ்டோன்னு மாறி மாறி எல்லார் வீட்டிலயும் சாப்பிட்டவர் நம்மாளு. அதோட விட்டாரா? 2014 கடைசியில் ஹெர்மிஸ் பிரஸ், பீட்டர் டேவிட் எழுதின புதுத் தொடரைத் தொடங்கிச்சு. 2015-ல் டைனமைட் 'கிங்: தி ஃபாண்டம்' கொண்டு வந்தது. ஒரே நாடு, ஒரே மொழி, ரெண்டு கம்பெனி, ரெண்டு வேதாளர். மண்டையோட்டுக் குகை இடிஞ்சு விழலையே!

அட, கதையையே எடுத்துக்கோங்க. 1536-ல் இருந்து அப்பன் மகன்னு 21 பேர் பங்கு போட்டுக்கிட்ட முகமூடி அது. ஒரே ஆள்தான் சாகாம இருக்கார்னு நம்புறது காட்டுவாசிகள் மட்டும்தான். நம்ம ரசிகர்களையும் அந்த லிஸ்ட்ல சேர்த்துக்கலாம் போல :-)

தமிழ்ல இன்னும் கூத்து. ராணி காமிக்ஸ் படிச்சு வளர்ந்தவங்களுக்கு இவர் 'மாயாவி'. முத்து காமிக்ஸ்காரங்ககிட்ட மாயாவின்னு சொன்னா, 1972-ல் முதல் இதழில் வந்த இரும்புக்கை மாயாவிதான் ஞாபகம் வருவார். அவர் பிரிட்டிஷ் சரக்கு, வேற குடும்பம். எங்க சித்தப்பா ராணி காமிக்ஸ் பைண்டிங் வெச்சிருக்கார். அவர்கிட்ட வேதாளர்னு சொன்னா "அது விக்ரமாதித்தன் கதைடா"ம்பார். ஆக, பேரைக்கூட ஒரு பதிப்பகம் தனக்குன்னு வெச்சுக்க முடியலை. இதுல ஆளை வெச்சுக்கணுமாம்.

இவ்வளவு சொன்னாலும், அடுத்த பக்கத்தில் ஒரு நியாயம் இருக்கு. அதை யாருமே உரக்கச் சொல்றதில்லைங்கிறதுதான் என் ஆத்திரம். ரெண்டு பேர் போடுறது பிரச்சினையில்லை. ரெண்டு பேரும் அதே நாலு பிரபலமான கதையைப் போட்டாங்கன்னா, அதான் பிரச்சினை. ஃபாக் 1999-ல் சாகிற வரைக்கும் 63 வருஷம் எழுதியிருக்கார். தினசரிப் பட்டை தனி, 1939-ல் இருந்து ஞாயிறு தனி. ரே மூர் வரைஞ்சது, வில்சன் மெக்காய் வரைஞ்சது, 1961-ல் இருந்து 1994 வரைக்கும் சை பாரி வரைஞ்சது. தோண்டத் தோண்ட வர்ற சுரங்கம். இதுல ஒரே குழியை ரெண்டு பேர் தோண்டினா, ரெண்டையும் வாங்குற கிறுக்கன் காசுதான் கரியாகும். (அந்தக் கிறுக்கன் இந்தப் பதிவை எழுதிக்கிட்டிருக்கான்.)

அடுத்தது, கத்திரி. இந்திரஜாலை நாம சாமி மாதிரி கும்பிடுறோம். ஆனா அதுல பக்கக் கணக்குக்காக கட்டங்களைக் கழிச்சிருக்காங்க. பங்கல்லா நாடு வங்காளம் மாதிரி கேட்குதுன்னு 'டெங்காலி' ஆச்சு, சிங் கொள்ளையர் 'சிங்கா' ஆனாங்க. அந்தக் காலத்துக்கு அது சரின்னே வெச்சுக்குவோம். இன்னைக்கு ஒரு புத்தகம் வாங்கினா, இது எந்த வருஷத்துப் பட்டை, யார் வரைஞ்சது, முழுசா வெட்டினதான்னு ஒரே ஒரு வரி முதல் பக்கத்தில் போடச்சொல்லி எத்தனை பேர் சண்டை போட்டிருக்கோம்? அட்டை மினுக்குதா, இலவச ஸ்டிக்கர் உண்டான்னு கேட்கத் தெரியுது. சை பாரி பேரைக் காணோமேன்னு கேட்கத் தெரியலை.

இன்னொரு கணக்கும் சொல்றேன். அமெரிக்கச் சட்டப்படி 95 வருஷம் முடிஞ்சு, 1936-ல் வெளியான பட்டைகள் 2032 ஜனவரி 1 அன்னைக்கு அங்கே பொதுச்சொத்து ஆகுது. 1929-ல் வந்த பாப்பாய்க்கு 2025-ல் அது நடந்தாச்சு. அப்புறம் அமெரிக்காவில் அந்த முதல் வருஷக் கதைகளை ரெண்டு பேர் இல்லை, இருநூறு பேர் போடலாம். ரெண்டு பேருக்கே நெஞ்சுவலி வர்றவங்க இப்பவே மாத்திரை வாங்கி வெச்சுக்கிறது நல்லது.

டிஸ்கி: "அப்போ நீ எந்தப் பதிப்பகத்து ஆளு?"ன்னு பின்னூட்டம் வரும்னு தெரியும். மூணு பேர் புத்தகமும் அலமாரியில் பக்கத்துப் பக்கத்துல இருக்கு, இதுவரைக்கும் அடிச்சுக்கலை. சித்தப்பாவோட பைண்டிங் விலைக்குக் கிடைக்குமான்னு தனிமடல் போடாதீங்க. எனக்கே தரமாட்டேங்கிறார்.