பெட்டியில் கிடக்கும் பழைய பாஸ்போர்ட்

ஹட்டன் பக்கத்துப் பெண்ணுக்கும் கோத்தகிரிப் பையனுக்கும் கல்யாணம் பேசினால் அதை யாரும் வெளிநாட்டுச் சம்பந்தம் என்று சொல்வதில்லை. விட்டுப்போன உறவு என்பார்கள். உண்மையும் அதுதான். 1964 அக்டோபர் 30-ஆம் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், தோட்டத் தமிழர்களில் இந்தியாவுக்கு 525,000 பேர், இலங்கைக்கு 300,000 பேர், மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். பத்து வருடம் கழித்து அந்த மிச்சத்தையும் சரிபாதியாகப் பிரித்தார்கள். லயத்துக்கு லயம் படிவம் நிரப்பிய காலம் அது. அண்ணன் இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்தார். தங்கை, புருஷன் வீட்டாரோடு சேர்ந்து சிலோனுக்கு எழுதிக்கொடுத்தாள். அண்ணன் குடும்பம் ரயிலேறித் தலைமன்னார் போய், கப்பலில் இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்துக் கிடந்து, கடைசியில் நீலகிரியில் தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் மறுபடியும் கொழுந்து எடுக்கப் போனது. இன்று இரண்டு பக்கத்துப் பேரப்பிள்ளைகளும் வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்கிறார்கள். பெரியவர்கள் முடிச்சுப் போட்டு வைக்க நினைக்கிறார்கள். நடுவில் விசா என்று ஒன்று இருக்கிறது.

பள்ளிக்கூட வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகும் படிவம் நிரப்பித் தரச் சொல்லி என்னிடம் ஆட்கள் வருகிறார்கள். போன மாதம் ஒரு தாயும் மகளும் வந்தார்கள். பையன் தாயின் அத்தை வழிப் பேரன், குன்னூரில் வேலை. முகவரிக் கட்டத்துக்கு வந்ததும் தாய் தயங்கினார்.

"டீச்சர், வீட்டு நம்பரு, தெரு பேருன்னு கேட்டிருக்கே. லயத்து நம்பரப் போட்டா ஒத்துக்குவாங்களா? எங்க காயிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தானே வருது."

தோட்டத்தின் பெயர், டிவிஷன், ஹட்டன். இருபது குடும்பத்துக்கும் அதே முகவரிதான். மகளின் பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயர் ஒரு விதம், தகப்பனின் அடையாள அட்டையில் வேறு விதம். அதைத் திருத்தாமல் எந்த நாட்டு விசாவுக்கும் போக முடியாது. பிரதேச செயலகத்துக்கு நடப்பதுதான் முதல் வேலை, தாலிக்கு முன்னால் இதைச் செய்யுங்கள் என்றேன்.

அவர்களுக்கு ஒரு தரகர் சொல்லியிருந்த யோசனை வேறு. டூரிஸ்ட் விசாவில் போய் இறங்குங்கள், கோயிலில் தாலி கட்டுங்கள், மற்றதை அங்கே பார்த்துக்கொள்ளலாம். இந்தப் பேச்சை நம்பிப் போனவர்கள் நம் தோட்டங்களில் நிறைய. டூரிஸ்ட் விசா தீர்ந்த மறுநாள் அந்தப் பெண் சட்டப்படி தங்கக் கூடாதவள். புருஷன் நல்லவனாக இருந்தாலும் காவல் நிலையத்தில் அவள் பதில் சொல்ல வேண்டும். நல்லவனாக இல்லாவிட்டால் அந்த ஒரு பயத்தை வைத்தே அவளை வாய் திறக்க விடாமல் செய்துவிடலாம்.

இந்தியக் குடிமகனின் மனைவிக்கென்று நுழைவு விசா இருக்கிறது, அதற்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். 180 நாளுக்கு மேற்பட்ட விசா என்றால், போய் இறங்கி 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். கல்யாணம் இங்கேயே நடப்பதென்றால் மாப்பிள்ளைதான் வெளிநாட்டவர். வெளிநாட்டவரை மணப்பதற்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும் என்று 2022 ஜனவரியில் ஒரு சுற்றறிக்கை நடைமுறைக்கு வந்தது. மண்டபத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் பதிவாளரிடம் இன்றைய நடைமுறை என்னவென்று கேட்டுவிட வேண்டும்.

நான் அதிக நேரம் பேசியது ஓ.சி.ஐ. (கடல்கடந்த இந்தியக் குடிமகன்) அட்டையைப் பற்றி. இது கையில் இருந்தால் ஆயுள் முழுக்க இந்தியாவில் தங்கலாம், படிக்கலாம், வேலை செய்யலாம். இலங்கைக் குடியுரிமையை விடவும் தேவையில்லை. வாக்கு கிடையாது. விவசாய நிலமோ தோட்ட நிலமோ வாங்க முடியாது. கொழுந்து எடுத்தே நான்கு தலைமுறை கழித்தவர்களுக்கு அந்தக் கடைசி விதி வலிக்கத்தான் செய்யும். ஆனாலும் நம் பிள்ளைகளுக்கு இதைவிட உறுதியான ஒன்று எனக்குத் தெரியவில்லை.

அதைப் பெற இரண்டு வழி. ஒன்று, மனைவி என்ற முறையில்: கல்யாணத்தைப் பதிந்து இரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்த பிறகு கேட்கலாம். ஆனால் விவாகரத்து ஆனால் அட்டையும் போய்விடும். மற்றது, வம்சாவளி முறையில்: தாய், தகப்பன், தாத்தா, பாட்டி, பூட்டன், பூட்டி இவர்களில் ஒருவர் எப்போதாவது இந்தியக் குடிமகனாக இருந்ததற்கு, அல்லது 1950 ஜனவரி 26-இல் அதற்குத் தகுதியாக இருந்ததற்கு ஆதாரம் வேண்டும். இந்த இரண்டாவது முறையில் கிடைக்கும் அட்டை அவளுடைய சொந்த அட்டை. புருஷன் கோபத்திலோ நீதிமன்றத் தீர்ப்பிலோ அது பறிபோகாது.

ஆதாரத்துக்கு எங்கே போவது என்று அந்தத் தாய் கேட்டார். தகரப் பெட்டியைப் பாருங்கள் என்றேன். ஒப்பந்தப்படி இந்தியப் பாஸ்போர்ட் வாங்கியும் போகாமல் நின்றவர்கள் மலையகத்தில் எத்தனையோ பேர். ஒப்பந்தங்கள் இனி தன்னைக் கட்டுப்படுத்தாது என்று 1982-இல் இந்தியா சொன்னபோது அப்படி நின்றவர்கள் ஏறத்தாழ 90,000 பேர். போர் தொடங்கியதும் கப்பலும் நின்றுபோனது. பிறந்த தோட்டத்திலேயே அவர்கள் வெளிநாட்டவராக, முத்திரை காலாவதியான பாஸ்போர்ட்டோடு இருந்தார்கள். 1964 அக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக இருந்தவர்களுக்கும் அவர்கள் வழிவந்தவர்களுக்கும் குடியுரிமை தந்த 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டம்தான் அந்த நிலையை முடித்துவைத்தது. தாத்தாவை அத்தனை காலம் அந்நியனாக்கிய அந்தப் பாஸ்போர்ட் எங்காவது கிடந்தால், அதன் பிரதி கிடந்தால், இன்று பேத்தியின் உரிமைக்கு அதுவே சாட்சி. 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்த பழைய கடிதங்களும் அப்படித்தான். பூட்டனின் ஊர், தாலுகா எல்லாம் அவற்றில் இருக்கும். லயத்தை இடித்துப் புது வீடு கட்டும்போது இவற்றைக் குப்பையோடு எரித்துவிடுகிறார்கள். தயவு செய்து எரிக்காதீர்கள்.

இன்னொன்றும் சொன்னேன். ஏழு வருடம் அங்கே வாழ்ந்தால் இந்தியக் குடியுரிமைக்கே பதியலாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்வார்கள். இரட்டைக் குடியுரிமையை இந்தியா ஏற்பதில்லை. அதை வாங்கினால் இதை விட வேண்டும். 1948-இல் பறித்த இலங்கைக் குடியுரிமையைத் திரும்பப் பெற நமக்கு 55 வருடம் ஆனது. அதைக் கல்யாண அவசரத்தில் யாரும் எழுதிக்கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அட்டையோடு இருந்துகொண்டு, பிள்ளை குட்டி பிறந்து, மனசு ஒரு நிலைக்கு வந்த பிறகு அவளே முடிவு செய்யட்டும்.

கனடா, லண்டன் சம்பந்தங்களுக்கும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: விசா யார் தயவில் நிற்கிறது? கனடாவில் புருஷன் ஸ்பொன்சர் செய்தால் மனைவிக்கு நிரந்தர வதிவிடமே கிடைக்கிறது. இரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தாக வேண்டும் என்று முன்பு இருந்த நிபந்தனையை 2017-இல் எடுத்துவிட்டார்கள். பிரித்தானியாவில் முதலில் கிடைப்பது 33 மாதம். ஐந்து வருடம் கழித்துத்தான் நிரந்தரம். ஸ்பொன்சர் செய்பவரின் வருமானம் வருடத்துக்கு 29,000 பவுண் இருக்க வேண்டும் என்று 2024 ஏப்ரலில் உயர்த்தினார்கள். அங்கே அடி உதை என்று வந்தால் மனைவி தன் பெயரிலேயே நிரந்தர வதிவிடம் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. இதைத் தெரியாமல் வருடக்கணக்கில் பொறுத்துக்கொள்கிறார்கள். அனுப்பும் முன் தாய் மகளுக்குச் சொல்ல வேண்டிய புத்திமதிகளில் இதையும் சேர்க்க வேண்டும். பாஸ்போர்ட் மாமியார் அலுமாரிக்குப் போகக் கூடாது என்பதையும்.

படிப்புக்கு இந்தியா போகிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: இந்திய அரசின் ஐ.சி.சி.ஆர். புலமைப்பரிசில்கள் வருடாவருடம் அறிவிக்கப்படுகின்றன, மலையகத்தில் இருந்தும் அதிகம் பேர் போட வேண்டும். மாணவர் விசாவில் வேலை செய்ய முடியாது என்பதையும் தெரிந்துகொண்டு செலவைக் கணக்குப் போடுங்கள்.

கண்டியில் இந்தியாவின் உதவி உயர்ஸ்தானிகராலயம் இருக்கிறது. ஒரு கடதாசி குறைந்தால் பொகவந்தலாவையில் இருந்து அங்கே போகிறவருக்கு ஒரு நாள் பெயர், அதாவது அன்றைய சம்பளம், போகும், பஸ் காசும் போகும். வம்சாவளி ஆதாரங்களைப் பார்த்துச் சொல்லவாவது தூதரக அதிகாரிகள் மாதம் ஒரு நாள் ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் வர வேண்டும். பிறப்புப் பத்திரத் திருத்தத்துக்கு நம் பதிவாளர் திணைக்களமும் அதே நாளில் அதே மண்டபத்தில் மேசை போட வேண்டும். 1964-இல் இரண்டு அரசும் சேர்ந்து உட்கார்ந்து இந்தக் குடும்பங்களைப் பிரித்தன. இந்த ஒரு நாளுக்கும் இரண்டு அரசும் சேர்ந்து உட்காரலாம். தொழிற்சங்கங்களும் நம் பாராளுமன்ற உறுப்பினர்களும் இதைக் கேட்டு எழுத வேண்டும். கேட்கும்வரை இந்தப் பத்தியில் நானும் எழுதிக்கொண்டிருப்பேன்.