யானை மலிவு, அங்குசம் விலை

2000-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ பழைய கார் விற்கும் இடத்துக்கு ஓர் இளைஞர் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஒரு கார் அவர் கண்ணைக் கவர்கிறது. அதற்கு இரண்டே கதவுகள். கூரை பின்புறம் சரிந்து இறங்குகிறது. முகப்பு விளக்குகள் தூங்கும் கண்களைப் போல மூடிக் கிடக்கின்றன. பொத்தானைத் தட்டினால் விழித்து எழுகின்றன. புகழ் பெற்ற போர்ஷே நிறுவனத்தின் கார் அது. விலையோ சாதாரணப் பழைய காரின் விலைதான். இளைஞர் அதை வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் விலையை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது என்பதே என் கருத்து. ஓர் இயந்திரத்தின் உண்மையான விலை, அதை வாங்கும் நாளில் கொடுக்கும் பணம் அன்று. அதைப் பழுதின்றி ஓட வைக்க ஆண்டுதோறும் செய்யும் செலவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். இதை அந்தக் காரைக் கொண்டே பார்ப்போம்.

அதன் பெயர் போர்ஷே 944. இத்தகைய இரு கதவுக் கார்களைக் கூபே என்பர். 1982 முதல் 1991 வரை ஏறக்குறைய 1,63,000 கார்கள் இந்த வகையில் செய்யப்பட்டன. முதலில் வந்தவற்றின் என்ஜினில் நான்கு சிலிண்டர்கள். கொள்ளளவு 2,479 கன செண்டிமீட்டர். பிஸ்டன் மேலிருந்து கீழே செல்லும் தொலைவு 78.9 மில்லிமீட்டர்.

இனி ஒரு சிறு கணக்கு. என்ஜின் நிமிடத்துக்கு 6,000 முறை சுழல்கிறது என்று கொள்வோம். அப்படியானால் விநாடிக்கு 100 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் ஒருமுறை மேலேறி ஒருமுறை கீழிறங்குகிறது. சிலிண்டரின் தலைப்பகுதியில் உள்ள வால்வு ஒவ்வொன்றும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை, அதாவது விநாடிக்கு 50 முறை, திறந்து மூடுகிறது. வால்வு திறக்கும்போது அது சிலிண்டருக்குள் கீழ்நோக்கி நீள்கிறது. அதே இடத்துக்குத்தான் பிஸ்டனும் மேலேறி வருகிறது. இரண்டும் ஒன்றையொன்று முட்டாமல் இருக்க வேண்டுமானால், ஒன்று விலகிய பிறகே மற்றது வர வேண்டும்.

இந்த ஒழுங்கைக் காப்பது எது? பிஸ்டன்களோடு இணைந்த கிராங்க் தண்டையும், வால்வுகளை இயக்கும் கேம் தண்டையும் இணைக்கும் ஒரு பட்டை. பட்டறைகளில் அதை டைமிங் பெல்ட் என்பர். உட்புறம் பற்கள் கொண்ட ரப்பர் பெல்ட் அது. அது அறுந்தால், அல்லது சில பற்கள் உதிர்ந்தால், கேம் தண்டு நின்றுவிடும். கிராங்க் தண்டோ ஓடிய வேகத்தில் மேலும் சில சுற்றுகள் சுழலும். திறந்தபடி நின்றுபோன வால்வுகளைப் பிஸ்டன்கள் வந்து மோதும். வால்வுகள் வளையும், சில வேளைகளில் பிஸ்டனும் உடையும். பெல்ட்டின் விலை சிறிது. சேதமான என்ஜினைச் சீராக்கும் செலவோ, அன்று அந்தக் காரை வாங்கிய விலையையே தாண்டிவிடக் கூடும்.

எனவேதான் இந்தக் காரை நன்கு அறிந்த பழுதுபார்ப்போர், 50,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அல்லது நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, எது முன்னே வருகிறதோ அப்போது, பெல்ட்டை மாற்றச் சொல்கின்றனர். இதில் "நான்கு ஆண்டு" என்ற சொல்லைக் கவனியுங்கள். கார் ஓடாமல் கொட்டகையில் நின்றாலும் பெல்ட்டுக்கு வயது ஏறுகிறது. காற்றில் உள்ள ஆக்ஸிஜனும் என்ஜினின் வெப்பமும் ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளை மெல்ல மெல்ல மாற்றுகின்றன. வளைந்து கொடுக்கும் ரப்பர் இறுகுகிறது. பிறகு வெடிப்பு விடுகிறது. தொலைவு காட்டும் மீட்டர் இந்த வயதைக் காட்டாது. "குறைவாகவே ஓடியது" என்று விற்பவர் பெருமையாகச் சொல்லும் கார், அதனாலேயே ஆபத்தானதாக இருக்கக் கூடும்.

பெல்ட்டுக்கு இன்னொரு பகையும் உண்டு. அதன் அருகே சுழலும் தண்டுகளைச் சுற்றி ஆயில் சீல்கள் உள்ளன. அவையும் ரப்பரே. அவை இறுகிப் போனால் எண்ணெய் கசிந்து பெல்ட்டின் மேல் படிந்து அதைக் கெடுக்கும். தண்ணீர்ப் பம்பைச் சுழற்றுவதும் இதே பெல்ட்தான். பம்பின் பேரிங் தேய்ந்து இறுகினால் பெல்ட் பாழாகும். ஆகவே பெல்ட், சீல், பம்பு ஆகியவற்றை ஒரே வேளையில் பார்த்துவிடுவதே அறிவுடைமை. மூன்றுக்கும் மும்முறை என்ஜினைத் திறந்தால் கூலி மும்மடங்காகும்.

எண்ணெயைக் குளிர்விக்கும் பகுதியிலும் இதே கதைதான். அங்கே எண்ணெயும் தண்ணீரும் அடுத்தடுத்து ஓடுகின்றன. இடையே உள்ள சீல் கெட்டால், அழுத்தம் மிகுந்த எண்ணெய் தண்ணீருக்குள் புகுந்து அதைக் குழம்பாக்கிவிடும்.

கிளட்ச்சுக்கு வருவோம். பல 944 கார்களில் கிளட்ச்சுத் தட்டின் நடுவிலும் அதிர்வைத் தாங்க ரப்பர் வைத்திருந்தனர். அது நாளடைவில் பிய்ந்துபோகும். தட்டை மாற்றுவதும் எளிதன்று. இந்தக் காரில் என்ஜின் முன்புறமும் கியர் பெட்டி பின்புறமும் உள்ளன. எடை இரு முனைகளுக்கும் ஏறக்குறைய சரிபாதியாகப் பகிரப்படுவதால், வளைவுகளில் கார் அருமையாகத் திரும்பும். ஆனால் இரண்டையும் இணைக்கும் நீண்ட குழாயைப் பின்னுக்குத் தள்ளினால்தான் கிளட்ச்சை எடுக்க முடியும். அதற்கு முன் புகைக் குழாயைக் கழற்ற வேண்டும். கியர் பெட்டியை நகர்த்த வேண்டும். தட்டின் விலையை விடக் கூலியே மிகுந்துவிடும்.

இவற்றைப் பார்த்து, "வடிவமைத்தவர்களின் தவறு, ரப்பருக்குப் பதில் இரும்புச் சங்கிலி போட்டிருக்கலாமே" என்று சிலர் சொல்லக்கூடும். சங்கிலி நீண்ட நாள் உழைக்கும் என்பது உண்மை. ஆனால் அது கனமானது, ஓசை மிகுந்தது, எண்ணெயிலேயே ஓட வேண்டும். பெல்ட்டோ இலேசானது, அமைதியானது, மலிவானது. அதைத் தேர்ந்த பொறியாளர் உரிய காலத்தில் மாற்றப்படும் என்று நம்பினார். அந்த நம்பிக்கையை முறித்தவர் மலிவு என்று வாங்கிய உரிமையாளர். கிளட்ச் விஷயத்தில் மட்டும் எனக்கு ஒரு குறை உண்டு. ஓட்டுபவரின் இன்பத்தை எண்ணிய அளவுக்குப் பழுதுபார்ப்பவரின் கையையும் எண்ணியிருக்கலாம்.

யானையை வாங்கியவர் அங்குசம் வாங்க யோசித்தாராம். இந்தக் காரின் கதையில் நடந்தது அதுதான். புதிதாக விற்றபோது உயர்ந்த விலை பெற்ற கார் பழையதானதும் மலிந்தது; உதிரிப் பாகங்களும் கூலியும் மலியவில்லை. விலையைத் தாங்க முடிந்தவர்களுள் பலரால் பராமரிப்பைத் தாங்க முடியவில்லை. துத்தநாகம் பூசிய எஃகு உடல் துருப்பிடிக்காமல் நன்றாக இருந்தபோதே, ஒரு ரப்பர் பெல்ட்டைக் கவனிக்காததால் பல கார்கள் பழைய இரும்புக்குப் போயின. எஃகையும் அலுமினியத்தையும் உருக்கிச் செய்ய எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்பதை எண்ணினால், இது உரிமையாளருக்கு மட்டுமான நட்டமன்று.

புதியதைக் கண்டுபிடிப்பதே அறிவியல், இருப்பதைப் பேணுவது வெறும் கைவேலை என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. அது தவறு. எந்தப் பாகம், எதனால், எத்தனை நாளில் கெடும் என்று முன்னறிந்து செயல்படுவதற்கு வேதியியலும் இயற்பியலும் கணக்கும் தேவை. உங்கள் வீட்டில் ஒரு குழாய் ஒழுகினாலும் குக்கர் சரியாக மூடாவிட்டாலும் முதலில் உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தைப் பாருங்கள். பெரும் பொருளைக் காப்பது பெரும்பாலும் அத்தகைய சிறு பொருளே. அதன் வயதை அறிந்தவரே இயந்திரத்தை உண்மையில் உடையவர்.