புட்டியில் அடைத்த இனிப்பு

சர்க்கரை நோய் நகரத்தாருக்கே உரியது என்று எண்ணியிருந்த காலம் போய்விட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ஆம் ஆண்டு வெளிவந்தபோது, தமிழகத்தில் வயதுவந்தோருள் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் இந்நோய் உடையவர்கள் எனத் தெரிந்தது. காரவள்ளியிலிருந்து ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகள் அதனைக் கொல்லிமலைக்கு வராமல் தடுத்துவிடும் என எண்ணுவதற்கில்லை.

சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த மலைச் சரிவுகளில் பெரும்பகுதியை மரவள்ளி பிடித்துக்கொண்டது. கிழங்கு ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கீழே இறங்குகிறது. அரிசி மேலே ஏறுகிறது. அரிசியோடு தக்காளி சாஸ் புட்டியும் ஏறுகிறது. "சாஸ் இல்லாவிட்டால் பிள்ளை தோசையைத் தொடமாட்டேன் என்கிறான், சாமி" என்று தாய்மார் நம்மிடம் குறைப்படுகின்றனர். பிள்ளை மட்டுமா? சர்க்கரை நோயுள்ள பாட்டியும் அதே புட்டியை நாடுகிறார். தக்காளிதானே என்பது அவருடைய வாதம்.

தக்காளியின்மேல் குற்றமில்லை. 100 கிராம் பழத்தில் மாவுச்சத்து ஏறத்தாழ 4 கிராம்தான். ஆனால் கடைச் சாஸில் 100 கிராமுக்கு 25 கிராம் அளவில் இருக்கும். பெரும்பங்கு சேர்த்த சர்க்கரையே. சிலவற்றில் கெட்டிப்படுவதற்கு ஸ்டார்ச்சும் சேர்கிறது. புட்டியின் பின்புறம் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைக் கண்ணாடி அணிந்தாவது படித்தல் நலம்.

வீட்டிலேயே செய்துகொள்ளலாம். நன்கு பழுத்த, சதைப்பற்றுள்ள தக்காளி ஒரு கிலோ எடுத்து, அடிப்பக்கத்தில் குறுக்காகக் கீறி, கொதிநீரில் ஒரு நிமிடம் இட்டெடுத்தால் தோல் தானே கழன்றுவிடும். பழத்தை மசித்துக்கொள்க. இரண்டு கரண்டி நல்லெண்ணெயில் பத்துப் பல் பூண்டு, ஐந்தாறு சின்ன வெங்காயம், இரண்டு காய்ந்த மிளகாய் இவற்றை வதக்கி, ஆறியபின் அரைத்து மசியலுடன் சேர்க்கவேண்டும். ஒரு துண்டு பட்டை, அளவான உப்பு, நம் மலை மிளகைப் பொடித்து அரைக் கரண்டி. மண்சட்டியோ எவர்சில்வர் பாத்திரமோ ஏற்றது. ஈயம் பூசாத பித்தளையும் அலுமினியமும் புளிப்புக்கு ஆகா. தீயைத் தணித்து, அவ்வப்போது கிளறி, மூன்றில் ஒரு பங்காகச் சுண்டும்வரை பொறுத்திருத்தல் வேண்டும். அடுப்பருகே முக்கால் மணி நேரமாவது ஆகும். சோளமாவு கரைத்து ஊற்றி விரைவில் கெட்டியாக்க நினைப்போர் கடைப் புட்டியையே வாங்கிவிடலாம்! இறக்கும்போது ஒரு கரண்டி வினிகர் சேர்த்துப் பட்டையை எடுத்துவிடுக.

சீனிக்குப் பதில் மலைத்தேனோ நாட்டு வெல்லமோ சேர்த்தால் தீங்கில்லை எனச் சொல்வாரும் உளர். உடலுக்குள் சென்றபின் அவையும் சர்க்கரையே. தக்காளி சுண்டும்போது அதன் இயற்கை இனிப்பே செறிகிறது, அது போதும். செறிவதால் மாவுச்சத்தும் கூடுகிறது என்பதை மறைக்கலாகாது. நம் கணக்கில் பெரிய கரண்டி ஒன்றுக்கு 2 கிராம் வரும். கடைச் சாஸில் ஏறத்தாழ 4 கிராம். பாதி மிச்சம்.

ஆயினும் கரண்டியில் மிச்சம் பிடித்துத் தட்டில் கோட்டைவிடுவது அறிவாகாது. 100 கிராம் மரவள்ளிக் கிழங்கில் மட்டும் 38 கிராம் மாவுச்சத்து உண்டு. சாமையில் மாவுச்சத்தே இல்லை என்பதும் கட்டுக்கதை. நார்ச்சத்து மிகுதி என்பதே அதன் சிறப்பு. ஆகவே இச்சாஸை அவித்த முட்டையுடனோ, வதக்கிய காய்களுடனோ, வறுத்த மீனுடனோ தொட்டுக்கொள்வதே நோயாளிக்குப் பொருந்தும். தோசைதான் வேண்டுமெனில் எண்ணிக்கையைக் குறைக்கவேண்டும். இன்சுலினோ மாத்திரையோ கொள்வோர் மருத்துவரைக் கேளாமல் உணவைத் திடீரெனக் குறைத்தால் சர்க்கரை அளவு தாழ்ந்து மயக்கம் நேரிடலாம். சிறுநீரகம் பழுதுற்றோர்க்குத் தக்காளியில் உள்ள பொட்டாசியம் ஆகாமற்போகலாம், அவர்களும் கேட்டுக்கொள்க.

கடைச் சாஸ் மாதக்கணக்கில் கெடாமலிருக்க அதன் சர்க்கரையும் ஒரு காரணம். நம்முடையது அவ்வாறு நில்லாது. சுடுநீரில் கழுவி உலர்த்திய கண்ணாடிப் புட்டியில் இட்டுக் குளிர்பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடவேண்டும். ஈரக் கரண்டி படலாகாது. குளிர்பெட்டி இல்லாத வீட்டார் கால் கிலோவில் செய்து அன்றைக்கே முடிப்பது நலம். உரித்த தோலை எறியவேண்டாம், அன்றைய ரசத்துக்கு ஆகும்.