சுவரில் ஒரு சாட்சி

மூடிய அறை ஒன்றில் பலர் நெடுநேரம் கூடியிருந்தால் தலை கனப்பதையும், கண் சொக்குவதையும், சிந்தை மந்தமடைவதையும் நாம் அனைவரும் அறிவோம். பிற்பகல் வகுப்பில் மாணவன் கொட்டாவி விட்டால், உண்ட மயக்கம் என்று ஆசிரியர் கடிந்துகொள்கிறார். உண்ட மயக்கமாகவும் இருக்கலாம். உறக்கம் போதாமையாகவும் இருக்கலாம். ஆயினும், அவ்வறையின் காற்று எத்தகையது என்று கேட்பவர் மிகச் சிலரே. காற்று கண்ணுக்குப் புலப்படாதது. உள்ளேயே அமர்ந்திருப்பவரின் மூக்கோ சிறிது நேரத்தில் அந்தப் புழுக்கத்துக்குப் பழகிவிடுகிறது. ஆதலின், காற்றின் நிலையை எடுத்துரைக்க ஒரு சாட்சி தேவைப்படுகிறது. அன்பு வாசகர்களே, இத்திங்கள் அத்தகைய சாட்சி ஒன்றைப் பற்றிச் சிந்திப்போம். சுவரில் பொருத்தப்படும் சிறு பெட்டி அது. அறையில் உள்ள கரியமில வாயுவை அளந்து, காற்றோட்ட இயந்திரத்துக்குக் கட்டளையிடும் உணர்கருவி. வேலைத்தளத்தில் இதைச் சென்சார் என்றே வழங்குகின்றனர்.

கரியமில வாயுவைக் கொண்டு காற்றின் தூய்மையை மதிப்பிடலாம் என்னும் எண்ணம் புதியதன்று. ஜெர்மனியின் மியூனிக் நகரில் வாழ்ந்த மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் என்னும் அறிஞர், 1858ஆம் ஆண்டிலேயே குடியிருப்புகளின் காற்று மாற்றத்தைப் பற்றி நூல் எழுதினார். அறைக் காற்றில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் கரியமில வாயு சேரலாகாது என்பது அவர் வகுத்த எல்லை. இந்த அளவில் கரியமில வாயு நஞ்சு என்று அவர் கூறவில்லை என்பதை நாம் நன்கு மனத்திற் கொள்ளவேண்டும். மனிதரின் மூச்சிலும் உடலிலும் இருந்து வெளியேறும் அனைத்துக்கும் அதனை ஓர் அடையாளமாகவே கொண்டார். கரியமில வாயு மிகுந்திருந்தால், ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் வாங்கிக்கொண்டிருக்கிறார் என்று பொருள். குற்றவாளி வேறு, சாட்சி வேறு. இவ்வாயு பெரும்பாலும் சாட்சியே.

இன்று இவ்வளவைப் பத்து இலட்சத்துக்கு இத்தனை பங்கு என்று குறிப்பது வழக்கம். வெளிக்காற்றில் இப்போது 420 பங்குக்கு மேல் இருக்கிறது. நாம் வெளிவிடும் மூச்சிலோ ஏறத்தாழ 40,000 பங்கு. பெட்டன்கோஃபரின் எல்லை 1,000 பங்கு. கருவியினுள் ஒரு சிறு விளக்கு அகச்சிவப்பு ஒளியை வீசுகிறது. 4.26 மைக்ரான் அலைநீளமுள்ள ஒளியைக் கரியமில வாயு உறிஞ்சிக்கொள்ளும். மறுமுனையில் எவ்வளவு ஒளி குறைந்து வந்து சேர்கிறதோ அதைக் கொண்டு வாயுவின் அளவு கணிக்கப்படுகிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அமைதியாக அமர்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.3 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். அவருக்கென்று நொடிக்கு 7 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 420 லிட்டர் வெளிக்காற்று வருவதாகக் கொள்வோம். 0.3ஐ 420ஆல் வகுத்தால், பத்து இலட்சத்துக்கு ஏறத்தாழ 700 பங்கு. வெளிக்காற்றில் முன்பே உள்ள 420ஐக் கூட்டினால் 1,100க்குச் சற்று மேல் நிற்கும். வெளிக்காற்று பாதியாகக் குறைந்தால், கூடுதலாகச் சேரும் 700 இரு மடங்காகும். ஆக, சுவரில் தோன்றும் எண் ஒருவருக்கு எவ்வளவு வெளிக்காற்று கிடைக்கிறது என்பதன் மறுவடிவமே ஆகும்.

இக்கருவியைப் பெருமளவில் வகுப்பறைகளுக்குக் கொண்டுவந்த இடங்களுள் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் குறிப்பிடத்தக்கது. கொரோனாத் தொற்று பரவிய 2020ஆம் ஆண்டில் அம்மாநிலம் 841ஆம் எண்ணுள்ள சட்டத்தை இயற்றியது. பள்ளிகளின் காற்றோட்டத்தைச் சோதிக்கவும் பழுது பார்க்கவும் அது நிதியுதவிக்கு வழி செய்தது. அவ்வுதவியைப் பெறும் பள்ளி, வகுப்பறைதோறும் கரியமில வாயுவை அளக்கும் கருவியை வைக்கவேண்டும். 1,100 பங்கைத் தாண்டினால் அக்கருவி அறிவிக்கவேண்டும். அளவுகளைச் சேமித்து வைக்கவேண்டும் என்றெல்லாம் அச்சட்டம் விதித்தது. இஃது ஆசிரியருக்குச் செய்தி சொல்லும் கருவி. இயந்திரத்துக்குக் கட்டளையிடும் கருவிக்கு அம்மாநிலத்தின் கட்டட விதிகள் வேறு இலக்கணம் வகுக்கின்றன: 600, 1,000 ஆகிய இரு அளவுகளிலும் 75 பங்குக்கு மேல் பிழை இருத்தலாகாது, ஐந்தாண்டுக்கு ஒரு முறைக்கு மேல் திருத்தியமைக்க நேராத கருவி என்று செய்தவரே சான்றளிக்கவேண்டும்.

நிற்க. சட்டம் நன்று, கருவியும் நன்று. ஆயினும் அதைச் சுவரில் பொருத்துகிறவரின் கையில்தான் முப்பது பிள்ளைகளின் மூச்சு இருக்கிறது. அவர் கவனிக்கவேண்டியவை யாவை?

முதலாவது, இடம். தரையிலிருந்து 3 அடிக்குக் குறையாமலும் 6 அடிக்கு மிகாமலும் வைக்கவேண்டும் என்பது கலிபோர்னிய விதி. கரியமில வாயு கனமானது, எனவே தரையில் படிந்திருக்கும் என்று சிலர் எண்ணுகின்றனர். மக்கள் நடமாடும் அறையில் அவ்வாறு நிகழ்வதில்லை. உடலின் வெப்பத்தாலும் விசிறியாலும் காற்று இடைவிடாது கலக்கப்படுகிறது. மூச்சு வாங்கும் உயரத்தில் அளக்கவேண்டும் என்பதே இவ்விதியின் நோக்கம். வகுப்பறைக் கருவி கதவுக்கும் திறக்கும் சன்னலுக்கும் 5 அடியேனும் விலகியிருக்கவேண்டும் என்றும் மேற்கூறிய சட்டம் கூறுகிறது. குளிர்காற்று இறங்கும் வாயின் கீழே வைத்தால் கருவி புதுக்காற்றை மட்டுமே காணும். ஒரு மாணவனின் முகத்துக்கு நேரே வைத்தால் அவன் மூச்சை மட்டுமே காணும். இன்னொன்றும் உண்டு. கம்பி வருவதற்காகச் சுவரில் இட்ட துளையை அடைக்காமல் விட்டால், சுவரின் உட்புறக் காற்று அதன் வழியே கசிந்து கருவிக்குள் புகும். கருவி அறையை விட்டுச் சுவரையே அளந்துகொண்டிருக்கும். ஒரு பிடி மெழுகுச்சாந்தில் தீரும் காரியம் இது.

இரண்டாவது, அளவுகோல். கருவி தான் கண்டதைப் பெரும்பாலும் மின்னழுத்தமாகவே அனுப்புகிறது. சுழியம் முதல் 10 வோல்ட் வரை என்றும், அதற்கு ஈடாகச் சுழியம் முதல் 2,000 பங்கு வரை என்றும் அமைத்தால், 1,000 பங்குக்கு 5 வோல்ட் செல்லும். கருவியை 5,000 பங்கு வரை என்று ஒருவர் அமைத்துவிட, கட்டுப்பாட்டுப் பெட்டியை 2,000 வரை என்று மற்றொருவர் அமைத்துவிட்டால் என்ன ஆகும்? அறையில் 1,000 பங்கு இருக்கையில் கருவி 2 வோல்ட் அனுப்பும். பெட்டியோ அதை 400 என்று படிக்கும். வெளிக்காற்றைவிடத் தூய்மையானது இவ்வறை என்று எண்ணிக்கொண்டு இயந்திரம் சும்மா இருக்கும். அறையில் 2,500 பங்கு சேர்ந்த பின்னரே அது 1,000 என்று அறிந்து கண் விழிக்கும். இருவரும் தத்தம் வேலையைப் பிழையின்றிச் செய்திருக்கலாம். ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளாததே குறை.

மூன்றாவது, தானே தன்னைத் திருத்திக்கொள்ளும் ஏற்பாடு. நாளடைவில் விளக்கின் ஒளி மங்கும். கருவியின் அளவும் விலகும். இதனைச் சரிசெய்யப் பல கருவிகள் ஒரு வாரமோ இரு வாரமோ தாம் கண்ட மிகக் குறைந்த அளவை எடுத்துக்கொண்டு, அதுவே வெளிக்காற்று, அதாவது 400 பங்கு, என்று கொள்கின்றன. இரவிலும் விடுமுறையிலும் ஆளின்றிக் கிடக்கும் வகுப்பறைக்கு இது பொருந்தும். மருத்துவமனை வார்டு, விடுதி, முதியோர் இல்லம் ஆகியவற்றுக்குப் பொருந்தாது. அங்கே இரவும் பகலும் ஆள் உண்டு. காற்று ஒருபோதும் 600க்குக் கீழ் இறங்காமலே இருக்கலாம். கருவி அந்த 600ஐயே 400 என்று கற்றுக்கொண்டு, அன்றுமுதல் எல்லாவற்றையும் 200 குறைத்தே சொல்லும். அத்தகைய இடங்களில் இவ்வேற்பாட்டை நிறுத்திவிட்டு, ஒப்பீட்டு ஒளி ஒன்றைத் தன்னுள்ளேயே கொண்ட இரட்டை அலைவரிசைக் கருவியை வைப்பது தகும். மேலும், வெளிக்காற்று என்பதும் அசையாத எல்லைக்கல் அன்று. ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958ஆம் ஆண்டு சார்லஸ் டேவிட் கீலிங் அளக்கத் தொடங்கியபோது ஏறத்தாழ 315 பங்காக இருந்தது, இன்று 420ஐத் தாண்டிவிட்டது.

நான்காவது, ஊரின் உயரம். கருவி காண்பது ஒளியின் வழியில் எதிர்ப்படும் வாயுவின் அணுத்திரளை மட்டுமே. மலை மேல் காற்று அடர்த்தி குன்றியிருப்பதால் அது குறைவாகவே கணக்கிடும். கலிபோர்னியாவின் எல்லையில் உள்ள தாஹோ ஏரி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. உயரத்தைக் கருவியில் பதிக்காமல் விட்டால், உண்மையில் 1,000 பங்கு இருக்கும் அறையை அது 800 என்ற அளவில் காட்டும். நம் உதகமண்டலமும் கொடைக்கானலும் இதைவிட உயர்ந்தவை என்பதை மலையூர் வாசகர்கள் நினைவிற் கொள்ளட்டும்.

ஐந்தாவது, கட்டளை. இயந்திரத்தில் வெளிக்காற்றை உள்ளே விடும் மடல் ஒன்று உண்டு; டேம்பர் என்பர். கரியமில வாயு உயர உயர அது சிறிது சிறிதாகத் திறக்கவேண்டும். திடீரெனத் திறந்து திடீரென மூடுவதாக அமைத்தால் இயந்திரம் தடுமாறும். அறையில் ஆள் குறைந்தாலும் மடலை முற்றிலும் மூடிவிடலாகாது. வண்ணப்பூச்சு, மரச்சாமான், தரைவிரிப்பு ஆகியவற்றிலிருந்தும் ஆவிகள் கிளம்புகின்றன. அவற்றைக் குறித்து இச்சாட்சிக்கு ஒன்றும் தெரியாது. எனவே ஒரு சிற்றளவுக் காற்று எப்போதும் வந்துகொண்டிருக்கவேண்டும். கருவி பழுதானால் என்ன செய்வது என்பதையும் முன்னரே தீர்மானிக்கவேண்டும். ஆள் இருக்கும் நேரமெல்லாம் அறைக்கு உரிய வெளிக்காற்று முழுவதும் வந்தாகவேண்டும் என்பது அப்போதைக்கான கலிபோர்னிய விதி. சாட்சி மௌனமானால் தீர்ப்பு பிள்ளைகளின் பக்கமே சாயவேண்டும் என்பது எத்துணை நேர்மையான ஏற்பாடு!

இத்தனையும் செய்த பின்னும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. அது சோதனை. லாரன்ஸ் பெர்க்கிலி தேசிய ஆய்வுக்கூடத்தார் முன்பு 34 வணிகக் கட்டடங்களில் பொருத்தப்பட்டிருந்த 208 கருவிகளை ஆராய்ந்தனர். 1,010 பங்கு என்னும் அளவில் நூற்றுக்கு 40 கருவிகள் 75 பங்குக்கு மேல் பிழையாகச் சொன்னமை வெளிப்பட்டது. பின்னர், டேவிஸ் நகரப் பல்கலைக்கழகத்தாரும் இவ்வாய்வுக்கூடத்தாரும் கலிபோர்னியாவில் 11 பள்ளிகளைச் சேர்ந்த 104 வகுப்பறைகளைப் பார்வையிட்டனர். ஆய்வு 2020இல் வெளிவந்தது. அவையனைத்தும் அண்மையில்தான் புதிய இயந்திரம் பெற்றவை. எனினும் நூற்றுக்கு 51 அறைகளில் இயந்திரத்திலோ, விசிறியின் கட்டுப்பாட்டிலோ, வடிகட்டியின் பராமரிப்பிலோ குறை இருந்தது. ஒருவருக்கு நொடிக்கு 7 லிட்டர் வரவேண்டிய வெளிக்காற்று, சராசரியாக 5.2 லிட்டரே வந்தது. புதிய பொருளுக்குப் பணம் கொடுத்தாயிற்று, பற்றுச்சீட்டும் பெற்றாயிற்று. பிள்ளைகளுக்குக் காற்று மட்டும் வந்து சேரவில்லை.

ஆகவே, பொருத்தியவர் கையொப்பமிடுமுன், நம்பத்தக்க மற்றொரு கருவியை அருகில் வைத்து ஒப்பிடவேண்டும். கருவியின் மேல் மெல்ல ஊதினால் எண் உயர்கிறதா என்று பார்க்கவேண்டும். அப்போது மற்றொருவர் மாடியில் நின்று, மடல் உண்மையிலேயே திறக்கிறதா என்று கண்ணால் காணவேண்டும். சுவரில் எண் மாறியும் கூரையில் மடல் அசையாதிருந்தால், அக்கருவி வெறும் அலங்காரமே.

நம் நாட்டில் பெரும்பாலான வகுப்பறைகளுக்குச் சன்னலே காற்றோட்டம். அஃது ஒரு பேறு. ஆனால் குளிர்சாதனம் பொருத்திய வகுப்பறைகளும் மண்டபங்களும் நம் ஊர்களிலும் பெருகி வருகின்றன. சுவரில் தொங்கும் வழக்கமான குளிர்சாதனப் பெட்டி அறைக் காற்றையே இழுத்துக் குளிர்வித்து மீண்டும் விடுகிறதேயன்றி, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. குளிர்ந்த காற்றெல்லாம் புதிய காற்று என்று மயங்கிச் சன்னலை அடைத்துவிடுகிறோம். பள்ளியை நடத்துவோரும் பெற்றோரும் இதனை அறிந்திருத்தல் நலம். குளிர்சாதன வகுப்பறைக்கெனக் கட்டணம் கேட்கப்படும்போது, வெளிக்காற்று எவ்வழியே வருகிறது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கருவி ஏற்கெனவே இருப்பின், திங்கட்கிழமை விடியற்காலையில் ஆளில்லா அறையில் அது என்ன எண் காட்டுகிறது என்று பாருங்கள். வெளிக்காற்றின் அளவுக்கு அருகில் இருந்தால் மேற்கொண்டு அதன் சொல்லைக் கேட்கலாம். வெகுவாக விலகியிருந்தால் ஆள் அனுப்பிச் சோதிக்கச் சொல்லுங்கள். கருவி வரும்வரை, பாட வேளைக்குப் பாட வேளை சன்னல்களைச் சிறிது நேரம் அகலத் திறந்து வையுங்கள். அதற்குச் செலவு ஏதும் இல்லை.