கௌரி எங்கே போனாள்?

புது இணையத்தளம் தொடங்குகிறவர்கள் வண்ணத்துக்கும் வடிவத்துக்கும் மாதக்கணக்கில் மெனக்கெடுகிறார்கள். உள்ளே போகும் எழுத்துக்குக் கடைசி ஒரு வாரம்தான். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கட்டுரைகளை எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கினால் வேலை முடிந்தது என்று நினைப்பு. தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010-இல்; பழைய கோப்புகள் இன்னும் தீர்ந்தபாடில்லை. அவற்றில் ‘கொ’ என்பது கொம்பு, க, கால் என மூன்று துண்டு. மாற்றும்போது ஒன்று இடம் மாறினால் சொல் சிதையும். அதுவாவது கண்ணில் படும். ‘கௌரி’யில் ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் தனி ‘ள’வும் விழுந்தால் பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் தேடுகிறவருக்குக் கௌரி கிடைக்கமாட்டாள். எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது. திறப்பு விழாவை ஒரு மாதம் தள்ளிவையுங்கள். நல்ல மெய்ப்புத் திருத்துநர் ஒருவருக்கு அந்த மாதச் சம்பளத்தைக் கொடுங்கள்.